கேட்டுச்சுன்னா ஒரு தட்டு

போன மாதம் நான் ஓட்டிப்போன விமானத்திலிருந்து ஒரு பயணி இறங்கும்போது விமானப் பணிப்பெண்ணிடம், "மைக்ல பேசினது யாரும்மா? தாலாட்டு மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பாராட்டினாரா, குறை சொன்னாரா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இதை வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் என் குரலைப் பற்றி வேறு மாதிரிதான் சொல்வார்கள். சின்ன வயதில் மூன்றாவது மாடியில் நின்று நான் "நைனா" என்று கூப்பிட்டால், தெருமுனை டீக்கடையில் நிற்கிற மற்ற அப்பாக்களும் சேர்ந்து நிமிர்ந்து பார்ப்பார்கள்.

என் மேல் தப்பில்லை. எங்கள் வீடே அப்படி.

தண்டையார்பேட்டையில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. நைனாவுக்குத் துறைமுகத்தில் சிப்பிங் வேலை. கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கி, சுவரில் ஏறியிருக்கும் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெயின்ட் அடிக்க ஆள் வருவார்கள். ஒரே தொட்டிக்குள் எட்டுப் பேர், பத்துப் பேர் உட்கார்ந்து தட்டுவார்கள். நாலு பக்கமும் இரும்பு, மேலேயும் இரும்பு. சத்தம் வெளியே போக வழியில்லாமல் காதுக்குள்தான் போகும். பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். பஞ்சு பாவம், அது என்ன செய்யும். நான் ஆறாவது படிக்கும்போதே அவருக்குப் பேச்சு பாதிதான் விழுந்தது. பத்தாவது வந்தபோது பக்கத்தில் நின்று கத்தினால்தான் உண்டு.

தொட்டிக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அவர்களுக்குள் தட்டுகிற வழக்கம் ஒன்று இருந்தது. மேலே திறப்பின் வாயில் காவலுக்கு நிற்பவர் இரும்பில் ஓங்கித் தட்டுவார். உள்ளே இருப்பவர்களுக்குக் காதில் கேட்காவிட்டாலும் காலில் அதிரும். மூன்று தட்டு என்றால் சாப்பாடு. இரண்டு தட்டு என்றால் ஒருத்தர் மட்டும் மேலே வா. விடாமல் தட்டினால் எல்லோரும் போட்டது போட்டபடி வெளியே ஓடி வர வேண்டும். எதுவானாலும், கீழே இருப்பவர் கேட்டதற்கு அடையாளமாக ஒரு தட்டு திருப்பித் தட்ட வேண்டும். அந்த ஒரு தட்டு வராவிட்டால் மேலே இருப்பவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்ப்பார். காற்று கெட்டுப்போன தொட்டியில் ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

அந்த வழக்கம் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. நைனா படுக்கிற இரும்புக் கட்டிலின் காலில் அம்மா கரண்டியால் மூன்று தட்டினால் சாப்பாடு. இரண்டு தட்டினால் வாசலில் ஆள். அவர் கண்ணைத் திறக்காமலே கட்டில் சட்டத்தில் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார். காதால் கேட்காததை முதுகால் கேட்கிற மனிதர் அவர் ஒருத்தர்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன்.

கரண்டிக்கு அடங்காததையெல்லாம் நான் கத்திச் சொல்வேன். அம்மாவுக்குக் கத்த வராது. வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் காஜா எடுக்கும் மெஷினில் வேலை பார்த்தாள். அந்தக் கடகட சத்தத்துக்கு நடுவிலும் அவள் குரல் ஏறி யாரும் கேட்டதில்லை. நைனாவிடம் அவசியமானதைக் கரண்டியாலும் கையாலும் சொல்லிவிடுவாள். மீதியைச் சொல்லாமலே விட்டுவிட்டாள். அது எவ்வளவு மீதி என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

விமானம் ஓட்டும் ஆசை எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்லும்படி பெரிய கதை ஒன்றும் இல்லை. கணக்கு நன்றாக வந்தது, ஒரு இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யப் பிடிக்கவில்லை, பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு என்று கல்லூரியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அவ்வளவுதான். அன்று சாயந்திரம் நைனா முன்னால் நின்று, "நான் பைலட் ஆவப் போறேன்" என்று கத்தினேன். மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது. இரண்டாவது தரத்திலேயே கீழ்வீட்டு அக்கா, "இன்னாடி சொல்ற" என்று படியேறி வந்துவிட்டாள். பெற்ற அப்பாவுக்கு முன்னால் மொத்தப் பிளாக்குக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். கட்டிலில் ஒரு தட்டு தட்டினார்.

"ஆவு பாப்பா," என்றார். "ஆனா ஒண்ணு. அந்தப் பிளேன்ல குந்திகினு நீ பேசறத நான் ஒரு தபா கேக்கணும். காது கேக்கசொல்லவே கேட்டுடணும்."

அதற்கு முந்தின மாதம்தான் ஆஸ்பத்திரியில் காது நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி வராது, வருஷத்துக்கு வருஷம் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் கன்டெய்னர் லாரி ஹாரன் எல்லாம் மண்டைக்குள்ளேயே அடிக்கிறது என்று சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். அது அங்கேயேதான் இருந்தது. ஆக, எனக்கு லைசென்ஸ் வாங்க யாரும் சொல்லாத கெடு ஒன்று விழுந்துவிட்டது.

மருத்துவப் பரிசோதனையில் கண், இதயம், ரத்தம் எல்லாம் பார்த்த பிறகு ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவை மூடினார்கள். சத்தமே புகாத அறை. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். எங்கேயாவது 'பீப்' என்று கேட்டால் அழுத்த வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதிக்குள் நான் இருந்ததில்லை. எறும்பு கூப்பிடுவது போல மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. அழுத்தினேன். அதைவிட மெல்லிசாக இன்னொன்று. அதுவும் கேட்டது. எனக்கு எல்லாமே கேட்டது. வெளியே வந்து கழிவறைக்குப் போய் அழுதேன். பாஸ் ஆன சந்தோஷம் என்று கூட வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பயிற்சிப் பள்ளி வேறு மாநிலத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்றுநர் என்னைவிட ஆறே வயது மூத்த பெண். நான் விமானத்தை நேராகப் பிடித்ததில் அவருக்குத் திருப்தி. தரையிறங்குவதும் சீக்கிரம் படிந்தது. ஆனால் ரேடியோவில் முதல் தடவை வாயைத் திறந்தேன் பாருங்கள். எங்கேயோ தூரத்தில் இருக்கிற ஆளிடம் பேச வேண்டும் என்றால் எங்கள் வீட்டு வழக்கப்படி என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். வயிற்றிலிருந்து எடுத்து ஒரு கத்து.

 கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் நிதானமாக, ஏதாவது ஆபத்தா என்று கேட்டார்.

பயிற்றுநர் தலையில் கை வைத்துக்கொண்டார். மைக் உதட்டை ஒட்டி இருக்கிறது, அது காது கேளாத ஆள் இல்லை, கத்தினால் சொல் உடைந்துபோய் வெறும் இரைச்சல்தான் போய்ச் சேரும் என்று விளக்கினார். எனக்குப் புரிந்தது. என் தொண்டைக்குப் புரியவில்லை. மறுநாளும் கத்தினேன், அதற்கடுத்த வாரமும் கத்தினேன். விமானம் கொஞ்சம் ஆடினாலே குரல் தானாக மூன்றாம் மாடிக்குப் போய்விடும். என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியாகப் பறந்துவிட்டு வந்தார்கள். என் முறை வரவே இல்லை. "ஓட்டுவதில் உனக்குக் குறை இல்லை. மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டு வா. அதுவரை தனியாக அனுப்ப மாட்டேன்" என்றார் பயிற்றுநர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உலகத்தில் யாருக்காவது இப்படி ஒரு காரணத்துக்கு விமானம் மறுக்கப்பட்டிருக்குமா?

விமானங்கள் சர்வீசுக்குப் போன சமயத்தில் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாயைப் போட்டுத் தூங்குவாள். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கிற ஒரே தூக்கம். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வாய்க்கு முன்னால் மைக் மாதிரி கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ரேடியோவில் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லுவேன். ஓடுபாதைக்கு வர அனுமதி, கிளம்ப அனுமதி, இறங்க அனுமதி. அம்மா முழித்துக்கொண்டால் நான் கத்திவிட்டேன் என்று அர்த்தம். இதுதான் பரீட்சை.

முதல் ஞாயிறு நாலு தரம் முழித்தாள். "தூங்க வுடேன்டி" என்று ஒரு அறை கூட விழுந்தது. அது போதாதென்று சாயந்திர வேளைகளிலும் அவள் கண்ணசருகிற நேரமெல்லாம் பக்கத்தில் போய்ப் படுத்தேன். அடுத்த ஞாயிறு இரண்டு தரம்தான் முழித்தாள். கடைசியில் ஒருநாள் நான் இறங்குவதற்கான வரியைச் சொல்லும்போது நடுவில் மறந்துபோய் நின்றுவிட்டேன். கண்ணை மூடியபடியே அம்மா மீதி வரியை முணுமுணுத்துவிட்டுப் புரண்டு படுத்தாள். எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்த நைனாவுக்கு, கரண்டிக்குப் பின்னால் என் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"இன்னாத்த வேண்டிகினுகீற?" என்று கேட்டார்.

திரும்பிப் போன நாலாவது நாள் பயிற்றுநர் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கி, "ஒரு சுற்று போய்விட்டு வா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார். பக்கத்து இருக்கை காலி. பெல்ட்டை மட்டும் யாரோ உட்கார்ந்திருப்பது போல மாட்டிவிட்டிருந்தார். அம்மா பக்கத்தில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு ரேடியோவில் பேசினேன். தெளிவாகக் கேட்கிறது என்று கோபுரத்திலிருந்து பதில் வந்தது. ஒரு ஆள் கனம் குறைந்ததால் விமானம் நான் நினைத்ததற்கு முன்னாலேயே தரையை விட்டுவிட்டது. ஆறேழு நிமிஷம் இருக்கும். இறங்கி வந்ததும், முதல் தடவை தனியாகப் பறந்தவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஈரத்தோடு வீட்டுக்குப் போன் போட்டேன். நைனாவுக்குப் போன் கேட்காது. அம்மா என்ன ஜாடை காட்டினாளோ, போனைக் கட்டிலோடு வைத்துப் பிடித்தாள் போலிருக்கிறது. இரும்பில் ஒரு தட்டு கேட்டது.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மெதுவாகப் பேசிப் பேசி என் குரலே அப்படி ஆகிவிட்டது. பொங்கலுக்கு வந்தபோது ரயிலைப் பற்றி, மெஸ் சாப்பாட்டைப் பற்றி, தனியாக இன்னொரு ஊர் வரை பறந்து போய்த் திரும்பி வந்ததைப் பற்றி நைனாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தட்டு கூட வரவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. அன்று மத்தியானம் நான் சமையலறையில் இருந்தபோது அவர் அம்மாவிடம் ரகசியம் பேசினார். காது போனவர்களின் ரகசியம் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? மாடிப்படி முழுக்கக் கேட்டது.

"எம் பொண்ணுக்கு என்னாண்ட பேசறது பேஜாரா பூட்சா? வாய்க்குள்ளயே பேசிகினுகீது. கத்தறது கலீஜ்னு நென்ச்சிகிச்சா?"

அம்மா என்ன பதில் சொன்னாளோ, கேட்கவில்லை. நான் அடுப்பு முன்னாலேயே நின்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள் காலையில் அவர் முன்னால் போய் நின்று பழைய குரலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கத்திச் சொன்னேன். நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் காது அதற்குள் இன்னும் இறங்கியிருந்தது. பழைய கத்தலும் இப்போது முக்கால்வாசிதான் போய்ச் சேர்ந்தது. கரகரத்த தொண்டையோடு திரும்பிப் போய்ப் பயிற்றுநரிடம் திட்டு வாங்கினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு தாமதமும் எனக்கு அவர் காதாகத்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் விமானங்கள் கொட்டகையை விட்டு வரவில்லை. ஒரு இன்ஜின் கழற்றப்பட்டு, உதிரி பாகம் வருவதற்குள் இரண்டு மாதம் போனது. நான் வேறு வானிலைத் தாளில் ஒரு தரம் தோற்றேன். கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, காற்றையும் மேகத்தையும் பற்றி எழுதத் தெரியாமல் தோற்றது எனக்கே வெட்கமாக இருந்தது. மீண்டும் எழுதினேன். ரேடியோவுக்கான தேர்வில் என் உச்சரிப்பும் நிதானமும் நன்றாக இருப்பதாகத் தேர்வாளர் சொன்னார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. லைசென்ஸுக்கு வேண்டிய இருநூறு மணி நேரப் பறத்தல் முடிந்து, கடைசிச் சோதனைப் பறத்தலும் முடிந்தபோது நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. லைசென்ஸ் கைக்கு வர இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். நான் காத்திருக்கத் தயாராக இல்லை. இரண்டு பேரையும் ரயிலேறி வரச் சொல்லிவிட்டேன்.

அம்மா புளிசாதமும் வறுத்த நெத்திலியும் கட்டிக்கொண்டு வந்தாள். நைனா புதுச் சட்டையில் வந்தார். பையில் காது மெஷின் இருந்தது. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், விரலை மடக்கி அதன் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். பயிற்றுநர் பதறிவிட்டார்.

"இன்னாம்மா இது, தகர டப்பா கணக்கா கீது? இதுலயா அம்மாந்தூரம் போன?" என்றார் நைனா. வாழ்நாளெல்லாம் ஒரு விரல் கனத்துக்கு இரும்பைப் பார்த்தவருக்கு அது பெரிய கவலையாக இருந்தது.

லைசென்ஸ் வராமல் அவரை ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் விமானத்தில், இன்ஜினைப் போடாமல் பேட்டரியை மட்டும் போட்டால் ஹெட்செட்டில் ஒருவரோடு ஒருவர் பேசலாம். பயிற்றுநரிடம் கெஞ்சினேன். பேட்டரி இறங்கிவிடும், ஐந்து நிமிஷம்தான் என்றார். நைனாவை வலது பக்கம் உட்கார வைத்து, ஹெட்செட்டை மாட்டி, அதன் ஒலித் திருகை எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திருப்பினேன். இடது பக்கம் நான் உட்கார்ந்தேன். பேட்டரியைப் போட்டேன். மூன்று வருஷமாக என்னென்னவோ பேச யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

"நைனா, சாப்ட்டியா?" என்றேன். அம்மா தூங்கும்போது பக்கத்தில் படுத்து நான் பேசிப் பழகிய குரலில்.

அவர் அசையவில்லை. தோற்றுவிட்டேன், நேரம் கடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் மெதுவாகத் திரும்பி என் வாயைப் பார்த்தார்.

"இன்னொரு தபா சொல்லு."

"சாப்ட்டியான்னு கேட்டேன் நைனா."

அவர் கண் நிறைந்துவிட்டது. "உன் கொரலு இப்டியா கீது?" என்றார். "உங்கம்மா கொரலு மாரியே கீதே பாப்பா. கண்ணாலத்தப்போ அவ இப்டித்தான் பேசுவா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பெரியவளான பிறகு அவர் என் குரலைக் கேட்டதே இல்லை. கத்தலைத்தான் கேட்டிருக்கிறார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. ஓடுபாதைக்குப் போக எப்படி அனுமதி கேட்பேன் என்று சொல்லிக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார், மிகவும் மெதுவாக, தகரம் நசுங்கிவிடுமோ என்று பயந்தவர் போல. மூன்று நிமிஷம் போயிருக்கும். திடீரென்று கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கம்மாவ இட்னு வா," என்றார்.

நான் இறங்கி, அம்மாவை என் இருக்கையில் உட்கார வைத்தேன். பையை வாங்கிக்கொண்டு, ஹெட்செட்டை அவள் கொண்டைக்கு மேலாக மாட்டி, மைக்கை உதட்டுக்கு அருகில் திருப்பிவிட்டேன். கத்த வேண்டாம், எப்போதும் பேசுகிற மாதிரி பேசு என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதை என்னிடமா சொல்கிறாய் என்று இருந்தது. கதவைச் சாத்தினேன்.

பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஐந்து நிமிஷம் தாண்டி எவ்வளவு நேரம் போனது என்று எனக்கும் தெரியாது.

அம்மா என்ன பேசினாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இறக்கைக்குக் கீழே நின்றிருந்த எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நைனா கண்ணை மூடியிருந்தார். அவர் கை மட்டும் கதவோரச் சட்டத்தில் இருந்தது. அவள் ஒவ்வொரு தரம் நிறுத்தும்போதும் உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.